சீனச் சரக்கும் நம்ம ஊர் வியாபாரமும்: வாசகர் கேள்வி பதில்

புதுச்சேரி நெல்லித்தோப்பில் ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருக்கிறேன். பாரிமுனையில் மொத்தமாக வாங்கும் ஹேர் கிளிப், பொம்மை எல்லாவற்றையும் நேரடியாக சீனாவின் ஈவூ சந்தையிலிருந்தே எடுக்க ஆசை. அங்கே ஒரு சேல்ஸ் பெண் ரொம்ப அன்பாகப் பேசுகிறார். முழுப் பணத்தையும் தன் சொந்தக் கணக்கில் போடச் சொல்கிறார். நம்பலாமா?

அன்பாகப் பேசத்தான் அவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கம்பெனி பெயரில் இல்லாத கணக்குக்கு ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது. முதலில் அவர்களுடைய தொழில் உரிமத்தின் படத்தைக் கேளுங்கள். அதில் 18 இலக்க எண் ஒன்று இருக்கும், சீன அரசின் கம்பெனிப் பதிவு இணையதளத்தில் அதைப் போட்டால் கம்பெனி உயிரோடு இருக்கிறதா, எப்போது தொடங்கியது, என்ன தொழிலுக்குப் பதிவு என்று இலவசமாகவே தெரியும். தளம் சீன மொழியில்தான் இருக்கும், போனில் மொழிபெயர்த்துப் படித்துக்கொள்ளலாம். விசிட்டிங் கார்டில் இருக்கும் ஆங்கிலப் பெயரை நம்பிப் பயனில்லை, உரிமத்தில் இருக்கும் சீனப் பெயர்தான் சட்டப்படியான பெயர்.

பணத்தைப் பொறுத்தவரை 30 சதவீதம் முன்பணம், சரக்கு தயாரானதும் மீதி 70 என்பதுதான் அங்கே பரவலான வழக்கம். அந்த 70ஐ அனுப்புவதற்கு முன்னால் இன்ஸ்பெக்‌ஷன் ஆள் ஒருவரை அனுப்பி அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் செலவைப் பார்த்துத் தயங்குகிறவர்கள்தான் பிறகு கடை முழுக்க ஸ்பிரிங் வேலை செய்யாத கிளிப்பை வைத்துக்கொண்டு முழிக்கிறார்கள். இன்னொன்று, பாதி வழியில் 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று மெயில் வந்தால் அப்படியே நிறுத்திவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் போன் போட்டு, முடிந்தால் வீடியோவில் முகம் பார்த்துக் கேளுங்கள். அந்த மெயில் முகவரியை உற்றுப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே ஒரு எழுத்து மட்டும் மாறியிருக்கும், யாரோ நடுவில் புகுந்திருப்பார்கள்.

அப்புறம் பொம்மை. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) தரச்சான்று கட்டாயம், செய்கிற தொழிற்சாலையிடமே ஐ.எஸ்.ஐ. உரிமம் இருக்க வேண்டும். அது இல்லாமல் வந்தால் சரக்கு துறைமுகத்திலேயே மாட்டிக்கொள்ளும், வாடகை ஏறிக்கொண்டே போகும். பொம்மையை விட்டுவிட்டு கிளிப்பில் தொடங்குங்கள். இறக்குமதி, ஏற்றுமதிக்குத் தேவையான ஐ.இ.சி. எண் எடுத்தாகிவிட்டதா? பான் எண்தான் ஐ.இ.சி. எண்ணாகவும் வரும், 500 ரூபாய் கட்டணம், ஆன்லைனிலேயே முடிந்துவிடும். இன்வாய்ஸில் விலையைக் குறைத்துப் போட்டுத் தருகிறேன் என்று அந்தப் பெண் கட்டாயம் சொல்வார், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதே சரக்கை மற்றவர்கள் என்ன விலைக்கு இறக்கினார்கள் என்று கஸ்டம்ஸிடம் கணக்கு இருக்கிறது, நீங்கள் அனுப்பிய பணத்துக்கு வங்கியிடமும் கணக்கு இருக்கிறது.

பண்ருட்டியில் முந்திரி தொழில். சீனாவிலிருந்து ஒரு கம்பெனி விலையே பேசாமல் மூன்று கன்டெய்னர் கேட்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட நேரில் வரச் சொல்கிறார்கள். போகட்டுமா?

தம்பி, டிக்கெட் போட்டுவிடாதீர்கள். விலை பேசாத வியாபாரி உலகத்தில் உண்டா? இது பழைய ஏமாற்று வேலை. போனதும் பெரிய விருந்து வைப்பார்கள், அந்தச் செலவில் பாதி உங்கள் தலையில் விழும். பெரிய முதலாளிக்கு விலை உயர்ந்த சிகரெட்டும் மதுவும் பரிசாக வாங்கித் தருவதுதான் வழக்கம் என்பார்கள், ஒப்பந்தப் பதிவுக் கட்டணம் என்று ஒரு தொகை கேட்பார்கள், நீங்கள் ஊர் திரும்பியதும் போன் எடுக்க மாட்டார்கள். ஒரே கேள்வியில் ஆளைக் கண்டுபிடிக்கலாம். சீனாவுக்குள் உணவுப்பொருள் அனுப்பும் வெளிநாட்டுத் தொழிற்சாலைகள் 2022 ஜனவரி 1 முதல் அந்த நாட்டு சுங்கத்துறையிடம் பதிவு செய்திருக்க வேண்டும், முந்திரியும் அதில் அடக்கம். உண்மையான பார்ட்டி 'உங்கள் பதிவு எண் என்ன?' என்று முதலிலேயே கேட்பார், பருப்பின் அளவைக் குறிக்கும் ரகத்தில் டபிள்யூ 240 வேண்டுமா 320 வேண்டுமா என்று பேசுவார், சாம்பிள் கேட்பார். இவர் எதையாவது கேட்டாரா?

கடலூர் முதுநகரில் சின்னப் பட்டறை. பல வருடமாக ஒரே சீன சப்ளையரிடம் வால்வு எடுக்கிறோம், இப்போது தரம் குறைந்துகொண்டே வருகிறது. கடுமையாக எழுதினால் உறவு கெட்டுவிடுமோ?

பல வருட உறவு இருப்பதால்தான் தரம் இறங்குகிறது. பரிசோதனையை நிறுத்திவிட்டீர்கள், அது அவருக்கும் தெரிந்துவிட்டது. கோபமாக எழுதாதீர்கள், அதுவும் அவருடைய ஆட்கள் எல்லோரும் இருக்கும் குழுவில் ஒருநாளும் எழுதாதீர்கள், மானப் பிரச்சினையாகிவிட்டால் காரியம் நடக்காது. அவருக்கு மட்டும் தனியாக, வெர்னியர் வைத்து அளந்த போட்டோ, எந்தப் பெட்டி, எத்தனை பீஸ், அடுத்த ஆர்டரில் எவ்வளவு கழிக்க வேண்டும், இவ்வளவையும் அனுப்பினால் போதும். 'சரி செய்ய முடியுமா?' என்று கேட்டால் முடியும் என்றுதான் வரும், நம்ம ஊர் ஆசாரி 'நாளைக்கு முடிச்சிடலாம்' என்பாரே அது மாதிரி. 'எந்த மெஷினில், எந்த அளவில் செய்வீர்கள்?' என்று கேளுங்கள்.

அவர்களுடைய புத்தாண்டு ஜனவரி கடைசி வாரங்களிலிருந்து பிப்ரவரி 20க்குள் ஏதோ ஒரு நாளில் வரும். அதற்கு முன்னால் அவசர அவசரமாகச் செய்த சரக்கும், தொழிலாளிகள் பாதிப் பேர் திரும்பாத நிலையில் அதற்குப் பின்னால் செய்த சரக்கும்தான் பெரும்பாலும் கெடுகிறது. ஆர்டரை டிசம்பருக்குள் முடித்துவிடுங்கள். உறவுக்கு வழி வேண்டுமானால் வருடம் ஒருமுறை நேரில் போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். குவாங்சோவில் கேன்டன் கண்காட்சி என்ற பெரிய வர்த்தகக் கண்காட்சி 1957லிருந்து நடக்கிறது, வசந்த காலத்தில் ஒன்று, அக்டோபரில் ஒன்று, அதோடு சேர்த்துப் போனால் மாற்று சப்ளையரையும் பார்த்துவிடலாம். அவர்கள் பயன்படுத்தும் வீசாட் மெசேஜ் ஆப் இங்கே 2020 ஜூனிலிருந்து தடை, மெயிலிலேயே பேசுங்கள், எழுத்தில் இருப்பது உங்களுக்குத்தான் நல்லது. காலை ஒன்பதரைக்குப் போன் போடாதீர்கள், அங்கே மதியம் 12, சாப்பிட்டுவிட்டு மேசையிலேயே தலை சாய்த்திருப்பார்கள்.

கடலூர் துறைமுகத்திலேயே கன்டெய்னரை இறக்க முடியாதா?

இப்போதைக்கு சென்னை அல்லது காட்டுப்பள்ளிதான். சின்னச் சரக்கு என்றால் மற்றவர்களோடு சேர்ந்து ஒரு கன்டெய்னரில் வரும். அப்போது சப்ளையர் 'சென்னை வரை கப்பல் கூலி என் செலவு' என்று சொன்னால் சந்தோஷப்படாதீர்கள், அவர் வைத்த ஃபார்வர்டர் (சரக்கை அனுப்பி வைக்கும் ஏஜென்ட்) இங்கே இறக்குக் கூலி, டெலிவரி ஆர்டர் கட்டணம் என்று தீட்டிவிடுவார். எஃப்.ஓ.பி. விலை, அதாவது அங்கே கப்பலில் ஏற்றும் வரைக்குமான விலை கேட்டு, கஸ்டம்ஸ் வேலையைப் பார்க்கும் நம் கிளியரிங் ஏஜென்ட் சொல்லும் ஃபார்வர்டரை நீங்களே போடுங்கள். இங்கே ஆகும் செலவு முழுவதையும் அந்த ஃபார்வர்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள், கடலூர் வரை லாரி வாடகையும் சேர்த்து.