ஆறடி நாலங்குலக் கணவருக்கும் சேர்த்து ஒரு குடும்ப டென்ட்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: என் கணவரின் உயரம் 6 அடி 4 அங்குலம். பிள்ளைகள் இரண்டு பேர், வயது 7, 10. நான்கு பேருக்கானது என்று சொல்லி விற்ற டோம் டென்ட் ஒன்று வைத்திருக்கிறோம். தரையளவு 240 x 210 செ.மீ. அதில் அவரால் காலை நீட்டிப் படுக்க முடியவில்லை. மழையே பெய்யாத நாளிலும் காலையில் பார்த்தால் அவருடைய ஸ்லீப்பிங் பேக்கின் கால்மாடு நனைந்திருக்கிறது. நிமிர்ந்து நின்று உடை மாற்றுகிற அளவுக்கு உயரமான டென்ட் வாங்கினால் பிரச்சினை தீருமா?

பதில்: உயரமான டென்ட் வாங்கினால் உடை மாற்றுவது எளிதாகும். கால் நனைவது நிற்காமல் போகலாம். அதற்குக் காரணம் உயரக் குறைவு அல்ல, நீளக் குறைவு. அதனால் கடைக்குப் போனதும் முதலில் பார்க்க வேண்டியது படுக்கிற நீளம். நிற்கிற உயரம் அப்புறம்.

அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது? நான்கு பேர் இரவு முழுக்க மூச்சு விடுகிறீர்கள். அந்த ஈரப்பதம் குளிர்ந்த வெளித்துணியின் உள்பக்கத்தில் நீர்த்துளியாகப் படிகிறது. டென்டுக்கு இரண்டு அடுக்குத் துணி வைப்பதே இதற்காகத்தான். இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கும்வரை வெளித்துணியில் வழிகிற நீர் உங்களைத் தொடாது. உங்கள் கணவரின் கால் உள்துணியைத் தள்ளிக்கொண்டு போய் வெளித்துணியோடு ஒட்டவைக்கிறது. இடைவெளி போனதும் நீர் நேராகப் பேக்குக்குள் இறங்கிவிடுகிறது.

சரி, எவ்வளவு நீளம் தேவை? 6 அடி 4 அங்குலம் என்றால் 193 செ.மீ. மல்லாந்து படுக்கும்போது பாதம் முன்னால் நீளும், தலையணை கொஞ்சம் மேலே போகும், பேக்கின் பஞ்சுக்கும் இடம் வேண்டும். ஆள் உயரத்தோடு 30 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள் என்பது நான் எல்லோருக்கும் சொல்லும் கணக்கு. அப்படிப் பார்த்தால் 223 செ.மீ. வருகிறது. பல குடும்ப டென்டுகளின் படுக்கை அறை 210 அல்லது 220 செ.மீ. நீளம்தான். சராசரி உயரம் உள்ளவர்களுக்கு அது போதும், உங்கள் வீட்டுக்குப் போதாது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் நீளம் தரையில் அளந்தது. மனிதர் தரையோடு தரையாகப் படுப்பதில்லை. மேட் (ஸ்லீப்பிங் பேக்குக்கு அடியில் போடும் மெத்தை விரிப்பு) போட்டு அதன் மேல் படுக்கிறார், பாதமும் மூக்கும் இன்னும் மேலே இருக்கின்றன. சுவர் சரிந்திருந்தால் அந்த உயரத்தில் நீளம் குறைந்துவிடும். ஓர் உதாரணம்: தரை நீளம் 240, நடு உயரம் 180, இரண்டு பக்கமும் நேர்கோட்டில் சரியும் டென்ட். சுவரிலிருந்து 1 செ.மீ. உள்ளே வந்தால் கூரை 1.5 செ.மீ. ஏறுகிறது. மேட்டின் மேல் படுத்தவரின் பாத விரல் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருந்தால், அங்கே ஒவ்வொரு முனையிலும் 20 செ.மீ. போய்விடும். மீதி 200 செ.மீ. அவரையே 40 செ.மீ. உயர மடக்குக் கட்டிலில் படுக்கவைத்தால் விரல் நுனி 60 செ.மீ. உயரத்துக்குப் போகும், மீதி வெறும் 160. காற்று மெத்தையும் கட்டிலும் சொகுசுதான், ஆனால் சரிந்த சுவருள்ள டென்டில் உயரமானவருக்கு அவையே எதிரி. வளைந்த கம்பியுள்ள டோமில் அடிப்பகுதி செங்குத்தாக ஏறுவதால் இழப்பு இவ்வளவு இருக்காது. இருந்தாலும் இழப்பு இழப்புதான்.

ஆகவே டென்டின் வடிவம் முக்கியம். சுவர்கள் ஏறக்குறைய நேராக நிற்கும் கேபின் வகையில் போட்டிருக்கும் நீளம் முழுக்கக் கிடைக்கும், சுவரோரமும் நிற்கலாம். குறை என்னவென்றால், அகலமான நேர்ச்சுவர் காற்றை மொத்தமாக வாங்கிக்கொள்ளும். வரிசையாக வளைவுக் கம்பிகள் வைத்த டனல் வகையில் எடைக்கும் விலைக்கும் நிறைய இடம் கிடைக்கிறது. அதன் ஒடுங்கிய முனையைக் காற்றுவரும் திசைக்குத் திருப்பி, எல்லாக் கயிறுகளையும் இழுத்துக் கட்டினால் நன்றாகவே நிற்கும். ஆனால் பல டனல் டென்டுகளில் பின்சுவர் சரிவாக இருக்கும், படுக்கை அறையும் அங்கேதான் இருக்கும். அந்தச் சரிவைப் பார்க்காமல் வாங்காதீர்கள். நடுவில் ஒரே கம்பம் வைத்த மணி வடிவக் கூடாரம் பார்க்க அழகு. நிற்பதற்கும் உயரம் உண்டு. ஆனால் வட்டத் தரையில் நான்கு மேட்களை விரித்தால் ஓரத்தில் படுப்பவருக்கு நீளம் குறையும், நடுக்கம்பமும் இடையில் வரும். உங்களுக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

இப்போது நிற்கிற உயரம். 193 செ.மீ. ஆளுக்கு 195 செ.மீ. டென்ட் போதும் என்று தோன்றும். அந்த 195 பெரும்பாலும் நடுவில் ஓர் இடத்தில்தான் கிடைக்கும். விளக்கு மாட்டும் கொக்கியும் சரியாக அங்கேதான் தொங்கும். அதோடு, சில நிறுவனங்கள் வெளித்துணியின் உயரத்தைப் போடுகின்றன, உள்துணி அதைவிடத் தாழ்ந்து தொங்கும். உள் உயரம் 205 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று கேளுங்கள். வாசலின் உயரத்தையும் பாருங்கள். ஒரு நாளில் எத்தனையோ தடவை உள்ளே போய் வருவார், ஒவ்வொரு தடவையும் இடுப்பை மடக்கிக் குனிவது முதுகுக்கு நல்லதல்ல. படுக்கை அறை தாழ்வாக இருந்து முன்கூடம் மட்டும் உயரமாக இருந்தால்கூட ஒத்துக்கொள்ளலாம். உடை மாற்ற அது போதும்.

எத்தனை பேருக்கானது என்ற எண்ணை நம்ப வேண்டாம். ஆளுக்குச் சுமார் 60 செ.மீ. அகலம் வைத்து, மேட்களை இடைவெளியில்லாமல் ஒட்டி ஒட்டிப் போட்டு எண்ணுகிறார்கள். பைகளுக்கும் செருப்புகளுக்கும் அந்தக் கணக்கில் இடமே கிடையாது. நான்கு பேருக்கு ஆறு பேர் டென்ட் பாருங்கள். 300 x 300 செ.மீ. தரை கிடைத்தால் எந்தத் திசையிலும் படுக்கலாம். எடை 15, 20 கிலோவைத் தொடும், அதனால் காரை நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்திலேயே முகாம் போடுகிறவர்களுக்குத்தான் இது ஒத்துவரும். வழக்கமாகப் போகும் முகாமில் ஒதுக்கும் இடத்தின் அளவையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கயிறும் முளைகளும் டென்டைவிட வெளியே நீளும்.

நீர் தாங்கும் திறன் (துணி கசியாமல் எவ்வளவு உயர நீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்ற அளவு) வெளித்துணிக்கு 3000 மி.மீ., தையல்களுக்குமேல் ஒட்டிய பட்டை, ஓரம் மேலே மடிந்து ஏறும் தரைத்துணி. இவை இருந்தால் மழையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம்.

டென்டை மாற்றும்போதே அவருடைய பேக்கையும் மேட்டையும் பாருங்கள். சாதாரண அளவு ஸ்லீப்பிங் பேக் பெரும்பாலும் 183 செ.மீ. ஆளுக்குத் தைத்தது. அவர் அதில் படுத்தால் பாதம் முனையை அழுத்தி, பஞ்சு நசுங்கி, கால் குளிரும். நீள அளவில் வருபவை 198 செ.மீ. ஆள்வரை தாங்கும்; மேட்டிலும் அதே போல நீள அளவு உண்டு.

வாங்குவதற்கு முன் வீட்டுத் தரையில் ஒட்டுநாடாவால் அந்த டென்டின் படுக்கை அறையை வரையுங்கள். நான்கு மேட்களையும் விரித்து, எல்லோரும் படுத்துப் பாருங்கள். கடையில் கட்டி வைத்த டென்ட் இருந்தால் அவரைத் தலையணை, பேக் சகிதமாக உள்ளே படுக்கச் சொல்லிவிட்டு நீங்கள் வெளியே சுற்றி வாருங்கள். கால்மாட்டிலோ தலைமாட்டிலோ துணி புடைத்துக்கொண்டு தெரிந்தால் அந்த டென்ட் வேண்டாம்.

அதுவரை இருக்கும் டென்டிலேயே போக வேண்டியிருந்தால், 240 செ.மீ. பக்கத்தை நீளமாக வைத்துப் படுங்கள். குறுக்கே 210 தான் மிஞ்சும். பெரியவர்களுக்கு ஆளுக்கு 60, பிள்ளைகளுக்கு ஆளுக்கு 45. நெருக்கடிதான், ஆனால் அவர் காலை நீட்டலாம். பின்சுவரின் நடுவே கயிறு கட்டும் வளையம் இருந்தால் இழுத்துக் கட்டுங்கள், வெளித்துணி விலகி நிற்கும். காற்றுத் துவாரங்களைக் குளிருக்குப் பயந்து மூடாதீர்கள். பேக்கின் கால்மாட்டில் ஒரு மழைக்கோட்டைப் போர்த்திவிடுங்கள்.

புது டென்ட் வந்ததும் பயணத்துக்குக் காத்திருக்காமல், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒருமுறை கட்டி, அவரை ஓர் இரவு அதில் தூங்கச் சொல்லுங்கள்.