"டெல்லியில் ஆள் இருக்கு" என்பவரிடம் டிஸ்சார்ஜ் புக்கைக் கொடுக்காதீர்கள்

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் ஊத்தங்கரைப் பக்கம். அப்பா ஆர்ட்டிலரியில் (பீரங்கிப் படை) ஹவில்தாராக இருந்து பென்ஷனில் வந்தவர். 1999 கார்கில் சண்டையில் திராஸ் பக்கம் இருந்தபோது பாகிஸ்தான் ஷெல் விழுந்து இடது கையில் சில்லு பாய்ந்தது. அந்தக் கையோடே அடிபட்ட இரண்டு பேரை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். "உன் பேர் மேலே போயிருக்கு" என்று சி.ஓ. (யூனிட்டின் கமாண்டிங் ஆபீசர்) சொன்னாராம். ஆனால் ஒன்றும் வரவில்லை, அதே யூனிட்டில் இன்னொருவருக்குச் சேனா மெடல் என்ற பதக்கம் கிடைத்தது. போன மாதம் கேன்டீன் வரிசையில் பழக்கமான ஒருவர், டெல்லியில் தனக்கு ஆள் இருப்பதாகவும், 75,000 ரூபாய் கொடுத்தால் 1999-இலிருந்து அரியர்ஸோடு பதக்கம் வாங்கித் தருவதாகவும் சொல்கிறார். முன்பணம் 20,000, கூடவே ராணுவத்திலிருந்து வரும்போது கொடுத்த அசல் டிஸ்சார்ஜ் புக் வேண்டுமாம். அப்பா கொடுத்துவிடலாம் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி. பணத்தையும் கொடுக்காதீர்கள், அதைவிட முக்கியமாக டிஸ்சார்ஜ் புக்கைக் கொடுக்காதீர்கள். பணம் போனால் இன்னொரு போகம் ராகியில் சம்பாதித்துக்கொள்ளலாம். அந்தப் புத்தகம் போனால் டூப்ளிகேட்டுக்கு எஃப்.ஐ.ஆர்., அஃபிடவிட், படைவீரர் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ் என்று அப்பா அலைய வேண்டியிருக்கும். பென்னாகரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இப்படித்தான் கொடுத்துவிட்டு, எட்டு மாதம் கழித்துத் தன் புத்தகத்தைத் தானே 5,000 ரூபாய் கொடுத்து மீட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "அந்த ஆளு நல்லவருதான், டெல்லிலதான் லேட் பண்றாங்க, நீங்க கொஞ்சம் பேசிப் பாக்குறீங்களா?" நம்மூர் மாங்காய் மண்டித் தரகராவது தோப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார். இவர்களிடம் தோப்பும் கிடையாது, மாங்காயும் கிடையாது.

இதை இவ்வளவு அடித்துச் சொல்லக் காரணம், இந்தப் பதக்கம் எந்த வழியாக வருகிறது என்று தெரிந்தால் நடுவில் தரகர் நுழைய இடமே இல்லை என்பது உங்களுக்கே புரியும். யூனிட்டின் சி.ஓ. எழுத வேண்டும். அது பிரிகேட், டிவிஷன், கோர், கமாண்ட் என்று ஏறி டெல்லியில் மிலிட்டரி செக்ரட்டரி பிராஞ்சுக்குப் போகும். அப்புறம் பாதுகாப்பு அமைச்சகத்தின் கமிட்டி, கடைசியில் ஜனாதிபதி. குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் பட்டியல் வரும், அரசிதழில் அச்சாகும். ஒவ்வொரு படியிலும் ஒருவர் "சரி" என்றோ "ஒரு படி குறைத்துக் கொடுக்கலாம்" என்றோ "வேண்டாம்" என்றோ எழுதுவார். மகாவீர் சக்ரா என்று கிளம்பியது வீர் சக்ராவாக வந்து சேரலாம், சேனா மெடலாகச் சுருங்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். காரணத்தை யாரும் உங்கள் அப்பாவுக்குக் கடிதம் போட்டுச் சொல்லப் போவதில்லை.

நான் யூனிட்டில் கிளார்க்காக இருந்தவன். சைட்டேஷன் எனப்படும் அந்தப் பரிந்துரைக் குறிப்பை இரவெல்லாம் உட்கார்ந்து டைப் அடித்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். "பேர் மேலே போயிருக்கு" என்று சி.ஓ. சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பேர் போயிருக்கும். எழுதியவருடைய ஆங்கிலம் எப்படி, பார்த்த சாட்சி உயிரோடு இருந்தாரா, இருந்தவர் ஆஸ்பத்திரியில் இருந்தாரா, அடுத்த மாதம் சி.ஓ. மாற்றலாகிப் போய்விட்டாரா என்பதையெல்லாம் பொறுத்துத்தான் மற்றது. ஒரு தடவை ஒரு பையனுடைய காகிதம் மேலிருந்து திரும்பி வந்தது. நடந்த இடத்தின் மேப் எண்ணும் நேரமும் முதல் பக்கத்தில் ஒன்றாகவும் இணைப்பில் வேறாகவும் இருக்கிறதாம். திருத்தி மறுபடி அனுப்புவதற்குள் அந்தத் தவணைக்கான கடைசித் தேதி போய்விட்டது. தப்பு என் டைப்ரைட்டரில் நடந்ததா, எழுதிக் கொடுத்த ஆபீசர் கையில் நடந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்தப் பையன் குண்டுக்கு நடுவில் ஓடினது மட்டும் தப்பில்லை.

பெரிய பதக்கத்திலேயே இந்தக் கூத்து உண்டு. கார்கிலுக்குக் கொடுத்தது 4 பரம்வீர் சக்ரா. அதில் கிரனேடியர் யோகேந்திர சிங் யாதவுக்கு முதலில் "மரணத்துக்குப் பின்" என்று அறிவித்துவிட்டார்கள். மனிதர் ஆஸ்பத்திரியில் உயிரோடு படுத்திருந்தார், இறந்தவர் அதே பெயருள்ள இன்னொருவர். நாட்டின் மிகப் பெரிய பதக்கத்திலேயே செத்தவர் யார், இருப்பவர் யார் என்று குழம்புகிற காகிதம், ஊத்தங்கரை ஹவில்தார் விஷயத்தில் மட்டும் துல்லியமாக நடந்திருக்கும் என்று எப்படி எதிர்பார்ப்பது? இன்னொன்றும் சொல்கிறேன். கார்கிலில் படாலிக் பகுதியில் 70-வது பிரிகேடை நடத்திய பிரிகேடியர் தேவிந்தர் சிங்குக்கு மகாவீர் சக்ரா பரிந்துரையாகி, கடைசியில் கைக்கு வந்தது விசிஷ்ட் சேவா மெடல், அது வீரத்துக்கான பதக்கமே இல்லை. சண்டையில் அவருடைய செயல்பாடு பற்றிய அறிக்கையை மேலதிகாரி பாரபட்சமாக எழுதினார் என்று ராணுவத் தீர்ப்பாயம் 2010-இல் சொன்னது. சண்டை முடிந்து பதினோரு வருடம். பிரிகேடியருக்கே அவ்வளவு நாள் என்றால் ஹவில்தாருக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். வீரப் பதக்கம் என்பது சம்பளம் மாதிரி, பென்ஷன் மாதிரி உரிமையாகக் கேட்டு வாங்கும் பொருள் இல்லை. அரசு பார்த்துக் கொடுப்பது. இத்தனை வருடம் கழித்து கார்கிலுக்குப் புதிதாகச் சேனா மெடல் கேட்டு மனுப் போட்டு வாங்கியவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. திங்கட்கிழமை கலெக்டரிடம் மனு கொடுக்கலாம், ரசீது கிடைக்கும். அது முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு வரும், அவர்கள் ஒரு கவரிங் லெட்டர் வைத்து அனுப்புவார்கள், வட்டம் சுற்றி "மனுதாரர் சம்பந்தப்பட்ட ரெக்கார்ட் ஆபீஸை அணுகவும்" என்று உங்களுக்கே திரும்பும். சென்னையில் ராணுவத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது, அங்கே போகலாமே என்பீர்கள். நடைமுறை மீறப்பட்டதா என்று பார்ப்பார்களே தவிர, பதக்கத்தை எடுத்து அப்பா சட்டையில் குத்திவிட மாட்டார்கள். அதற்கும் கையில் காகிதம் வேண்டும். "சி.ஓ. வாயால் சொன்னார்" என்பது காகிதம் ஆகாது.

அந்த ஆள் அரியர்ஸ் என்று தூண்டில் போட்டாரே, அதையும் பாருங்கள். 2017 ஆகஸ்ட் 1 முதல் பரம்வீர் சக்ராவுக்கு மாதம் 20,000, வீர் சக்ராவுக்கு 7,000, சேனா மெடலுக்கு 2,000 என்று மத்திய அரசின் படி. அதனால்தான் இவர்கள் எல்லோரும் சேனா மெடல், சேனா மெடல் என்கிறார்கள், கேட்பவருக்கு நம்பும்படியாக இருக்கும். ஆனால் சேனா மெடலில் வீரத்துக்குக் கொடுப்பது ஒன்று, சிறந்த பணிக்குக் கொடுப்பது ஒன்று. மாதப் படி முதல் வகைக்குத்தான். இது தெரியாமலே கமிஷன் பேசுகிற "டெல்லி ஆட்களை" நான் பார்த்திருக்கிறேன். இதைவிட மோசமான ஒரு வியாபாரமும் நடக்கிறது. "தேசிய வீர விருது விழா" என்று ஹோட்டல் ஹாலில் மேடை போட்டு, பதிவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு, ஷீல்டும் மாலையும் கொடுத்து போட்டோ எடுத்துவிடுவார்கள். அப்பாவுக்கு அது வேண்டவே வேண்டாம். கடையில் கிடைக்கும் நகல் பதக்கமும் வேண்டாம். அசல் பதக்கத்தின் விளிம்பில் நம்பரும் பெயரும் பொறித்திருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துத் திருப்பினால் தெரியும், பிராஸோ போட்டுத் தேய்த்துத் தேய்த்து அழித்திருந்தால் ஒழிய. சந்தேகம் இருந்தால் பாதுகாப்பு அமைச்சகத்தின் கேலன்ட்ரி அவார்ட்ஸ் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள்.

சரி, எல்லாக் கதவும் மூடியா என்றால் இல்லை. ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இவ்வளவு நீளம் எழுதுகிறேன். உங்கள் கடிதத்தில் நீங்களே கண்டுகொள்ளாமல் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், கையில் சில்லு பாய்ந்தது என்று. பராக்ரம் பதக் என்று ஒன்று உண்டு, காயப் பதக்கம். அது வீரத்துக்கு அல்ல. எதிரியின் நேரடித் தாக்குதலில் காயம்பட்டவருக்கு. இதில் சைட்டேஷன் எவ்வளவு அழகாக எழுதப்பட்டது என்பதற்கு வேலையில்லை, காயம் எப்படிப் பட்டது என்பதுதான் கேள்வி. ஷெல் சில்லு பட்டால் உண்டு, தோட்டா பட்டால் உண்டு. அதே திராஸில் பனியில் வழுக்கி விழுந்து கை உடைந்தாலோ, லாரி கவிழ்ந்து அடிபட்டாலோ கிடையாது, எவ்வளவு வலித்திருந்தாலும் கிடையாது. அப்பாவுடைய காயம் "பேட்டில் கேஷுவல்டி" (சண்டையில் பட்ட காயம்) என்று அன்றைக்கு யூனிட் பதிந்ததா, இல்லை வெறும் விபத்து மாதிரி பதிந்ததா என்பதுதான் முக்கியம். பேட்டில் கேஷுவல்டி என்று பதிந்திருந்தால் பார்ட் டூ ஆர்டரில், அதாவது ஆள்வாரியாக நடந்ததை யூனிட் பதிந்து வெளியிடும் உத்தரவில், வந்திருக்கும், சர்வீஸ் ரெக்கார்டில் ஏறியிருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த டிஸ்சார்ஜ் ஸ்லிப் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கும், அதைத் தேடுங்கள். இதற்கு மாதப் படி கிடையாது, அரியர்ஸ் கிடையாது, அதனால்தான் எந்தத் தரகரும் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. ஆனால் இது கேட்டு வாங்கக்கூடியது. டிஸ்சார்ஜ் புக்கில் பதக்கங்கள் எழுதிய பக்கத்தைத் திறந்து பாருங்கள், கார்கில் சண்டைக்கான ஆபரேஷன் விஜய் ஸ்டார் இருக்கும், பக்கத்தில் இது இருக்கிறதா? சில பேருக்கு இருந்தும் அது என்னவென்றே தெரியாமல் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். இல்லையென்றால் கேட்க வேண்டியது இதைத்தான். இந்தக் காயத்துக்குச் சேர வேண்டிய பென்ஷன் சரியாக வருகிறதா என்பது தனிக் கதை, பி.பி.ஓ. (பென்ஷன் ஆணை) நகலோடு இன்னொரு நாள் எழுதுங்கள்.

எப்படிக் கேட்பது? ஆர்ட்டிலரி ரெக்கார்ட்ஸ் நாசிக் ரோடு கேம்ப்பில் இருக்கிறது. வெலிங்டனுக்கோ பெங்களூருக்கோ எழுதி வருடத்தை வீணாக்காதீர்கள். வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு, பெங்களூர் எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) தம்பிகளுக்கு. கடிதம் அப்பா கையெழுத்தில் போக வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் போட்டாலும் அப்பா பெயரிலேயே போடுங்கள், ஆன்லைனில் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். மகன் பெயரில் போட்டால் "மூன்றாம் நபர் தகவல்" என்று ஒரே வரியில் மூடிவிடுவார்கள், பெற்ற பிள்ளை அவர்களுக்கு மூன்றாம் நபர். "ஏன் என் அப்பாவுக்குப் பதக்கம் தரவில்லை" என்று கேட்காதீர்கள், ஏன் என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்தில் பதில் வராது. காயம் பதிவான பார்ட் டூ ஆர்டரின் நகல், கேஷுவல்டி ரிப்போர்ட்டின் நகல், ஆபரேஷன் விஜய்யில் இவர் பெயர் பரிந்துரையானதா என்ற பதிவு, இப்படிப் பொருளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். மூன்றாவதை ரகசியம் என்று மறுக்கலாம், மறுக்கட்டும். முதல் இரண்டு அப்பாவுடையது.

நம்ம பக்கத்துக்காரர்களுக்கு மட்டும் ஒரு தொல்லை உண்டு. அப்பா படையில் சேர்ந்தபோது ஊத்தங்கரை தருமபுரி மாவட்டம். 2004-இல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது. ரெக்கார்டில் இன்னும் தருமபுரி என்றே இருக்கும். நீங்கள் கிருஷ்ணகிரி என்று எழுதினால் "விவரம் பொருந்தவில்லை" என்று திரும்பும். (1965-க்கு முன் சேர்ந்த தாத்தாமார்களுக்குச் சேலம் ஜில்லா.) இரண்டையும் எழுதி, மாவட்டம் பிரிந்ததை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பெயரை டிஸ்சார்ஜ் புக்கில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள், ஆதாரில் இருக்கிற மாதிரி அல்ல. மாதையன் என்ற பெயரையே ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதி வைத்திருக்கிற ஊர் நம்முடையது. சி.ஆர்.பி.எஃப்.காரர்கள் இதையெல்லாம் படித்துவிட்டு நாசிக்குக்கு எழுத வேண்டாம், அவர்கள் உள்துறை அமைச்சகம், வழியே வேறு.

அந்த ஆளிடம் அப்பா ஏற்கெனவே ஏதாவது ஜெராக்ஸோ போட்டோவோ கொடுத்திருந்தால் போய்த் திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள். கடிதத்தில் ஆர்மி நம்பரை எழுதும்போது கடைசியில் இருக்கும் ஒற்றை ஆங்கில எழுத்தை விட்டுவிடாதீர்கள், அது இல்லாமல் வந்த கடிதங்களைத் தனியாக ஒரு கட்டில் போட்டு வைப்பார்கள், அந்தக் கட்டை யாரும் அவிழ்க்க மாட்டார்கள்.