என்செலடஸ்: நடுவர் கேட்டால் என்ன சொல்லலாம்?

வணக்கம். சனிக்கோளின் நிலவான என்செலடஸ் பற்றி அறிவியல் கண்காட்சியில் பேசப்போகும் உங்கள் மகளை, "மைனஸ் 200 டிகிரி குளிரில் தண்ணீர் எப்படி உறையாமல் இருக்கும்?" என்று நடுவர் மடக்கிவிடுவாரோ எனக் கேட்டிருந்தீர்கள்.

அந்தக் குளிர் மேற்பரப்பில்தான். நிலவு நீள்வட்டப் பாதையில் சுற்றுவதால் சனியின் ஈர்ப்பு கூடிக் குறைந்து அதைப் பிசைந்துகொண்டே இருக்கிறது. அதில் பிறக்கும் சூடுதான் பனி ஓட்டுக்கு அடியிலுள்ள கடலை உறையவிடுவதில்லை.

ஆதாரம் கேட்டால் தயங்கவே வேண்டாம். தென்துருவத்தில் 'புலிவரிகள்' எனப்படும் நான்கு நீண்ட பிளவுகள் உண்டு. அங்கிருந்து நீராவியும் பனித்துகளும் பீறிடுவதை 2005இல் காசினி விண்கலம் கண்டது. 2015இல் வெறும் 49 கி.மீ. உயரத்தில் அந்தப் பீச்சலுக்குள்ளேயே புகுந்து பறந்து ஹைட்ரஜனை அளந்தது. சூடான பாறையும் நீரும் வினைபுரிந்தால் ஹைட்ரஜன் வரும். நம் ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளில் வெயிலே படாமல் அதைக்கொண்டு வாழும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவளுடைய பேச்சில் பலமான இடம் இதுதான், நிறுத்தி நிதானமாகச் சொல்லட்டும். அப்புறம், உயிருக்கு அவசியமான பாஸ்பரஸ் அடங்கிய பாஸ்பேட் உப்பும் 2023இல் அங்கே கண்டறியப்பட்டது.

சார்ட்டில் "உயிர் இருக்கிறது" என எழுதியிருப்பதாகச் சொன்னீர்களே, அதை மட்டும் "உயிர் வாழத் தேவையானவை இருக்கின்றன" என்று மாற்றச் சொல்லுங்கள். உயிர் எதுவும் அங்கே இதுவரை கண்டறியப்படவில்லை.