வியட்நாமிய மொழி, ஆஃப்ரிகான்ஸ்: எங்கே, யார், எப்படிப் பேசுகிறார்கள்?

வியட்நாமிய மொழி, ஆஃப்ரிகான்ஸ் இரண்டையும் 'ஆளுக்கொரு நாட்டின் மொழி' என்று நினைக்கத் தோன்றும். வியட்நாமிய மொழிக்கு அது சரி. ஆஃப்ரிகான்ஸுக்குச் சரிவராது.

வியட்நாமியம் 8 கோடிப் பேருக்கு மேல் தாய்மொழி. வியட்நாமில் பள்ளி, நீதிமன்றம், சந்தை எல்லாமே அதில்தான். சுற்றுலாப் பகுதிகளைத் தாண்டினால் ஆங்கிலம் அவ்வளவாக எடுபடாது. கற்கத் தொடங்குமுன் வடக்கு உச்சரிப்பா, தெற்கு உச்சரிப்பா என்று முடிவு செய்துவிடுங்கள். வடக்கே ஹனோயில் ஆறு தொனிகள் (சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கங்கள்). தெற்கே ஹோ சி மின் நகரில் இரண்டு தொனிகள் ஒன்றாகிவிடுவதால் ஐந்துதான். இரண்டையும் கலந்து படித்தால் காது குழம்பும். வெளிநாட்டிலும் இதே பிரிவுதான். 1975இல் வியட்நாம் போர் முடிந்தபின் வெளியேறியவர்கள் குடியேறிய கலிபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டர், சிட்னியின் கப்ரமாட்டா போன்ற இடங்களில் தெற்குப் பேச்சு அதிகம் கேட்கும். ஒப்பந்தத் தொழிலாளர்கள் போன செக் குடியரசில் வடக்குப் பேச்சு.

தொனியைவிட அதிகம் தடுமாற வைப்பது 'நான், நீ'. வயதும் உறவும் தெரியாமல் வாயைத் திறக்க முடியாது. உங்களைவிடச் சற்று மூத்த ஆணிடம் பேசும்போது அவர் 'அன்' (அண்ணன்), நீங்கள் 'எம்' (தம்பி அல்லது தங்கை). அவர் பேசும்போதும் தன்னை 'அன்' என்றே சொல்லிக்கொள்வார். அதனால்தான் பழகியவுடனே வயதைக் கேட்கிறார்கள். அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆஃப்ரிகான்ஸ் 17ஆம் நூற்றாண்டில் தென்னாப்பிரிக்காவின் தென்மேற்கிலுள்ள கேப் பகுதிக்கு வந்த டச்சு மொழியிலிருந்து வளர்ந்தது. தென்னாப்பிரிக்காவின் 2022 கணக்கெடுப்பில் வீட்டு மொழியாக அதைச் சொன்னவர்கள் சுமார் 10.6 சதவீதம். நமீபியாவில் 1990 விடுதலையோடு ஆட்சிமொழித் தகுதி போனது. ஆனாலும் வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் அங்கே சந்தித்தால் இன்றும் கைகொடுப்பது அதுதான். இதை வெள்ளையர் மொழி என்று நினைப்பது பெரிய பிழை. பேசுவோரில் பாதிக்கு மேல் வெள்ளையர் அல்லாதவர்கள். கேப் முஸ்லிம்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே அதை அரபு எழுத்தில் எழுதினார்கள். ஆனால் ஜோகன்னஸ்பர்கை ஒட்டிய, கறுப்பின மக்கள் வாழும் சொவேட்டோவில் இந்த மொழியில் பேச்சைத் தொடங்காதீர்கள். பாடங்களை அதில் திணித்ததை எதிர்த்து 1976 ஜூன் 16 அன்று ஊர்வலம் போன மாணவர்கள் அங்கே சுடப்பட்டார்கள். அந்த நினைவு இன்னும் ஆறவில்லை.

இலக்கணம் எளிது: நான், நீ, நாங்கள் யாராக இருந்தாலும் வினைச்சொல் மாறாது. தவறுவது எதிர்மறையில். 'எக் பிராட் நீ ஆஃப்ரிகான்ஸ் நீ' (நான் ஆஃப்ரிகான்ஸ் பேசமாட்டேன்) என்பதில் 'நீ' என்றால் 'இல்லை'; அது இருமுறை வரும், கடைசி 'நீ'யை விட்டால் வாக்கியம் முடியாமல் தொங்கும். பெரியவர்களை இங்கேயும் மாமா, அத்தை முறையில் 'ஊம்', 'தன்னி' என்றே அழைக்க வேண்டும். கேப் டவுனில் நீங்கள் தடுமாறினால் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். பேசிப் பழக வேண்டுமென்றால் நார்தர்ன் கேப் மாகாணத்தின் அப்பிங்டன் பக்கம் போங்கள். அந்த மாகாணத்தில் பாதிப் பேருக்கு மேல் வீட்டில் பேசுவது அதுதான்.