ஆறு மாதத்தில் ஜெர்மனா?

கேள்வி: மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு தொடங்கியிருக்கிறேன். முடித்ததும் ஜெர்மனியில் எம்.எஸ். படிக்க ஆசை. ஆறே மாதத்தில் ஜெர்மன் மொழியில் 'பி2' நிலைவரை கொண்டுபோவதாக ஒரு பயிற்சி மையம் உத்தரவாதம் தருகிறது, முன்பணமும் கட்டிவிட்டேன். கல்லூரிப் படிப்பு கெட்டுவிடும் என்று அப்பா தடுக்கிறார். நீங்களே சொல்லுங்கள்.
– ஒரு மாணவர், ஈரோடு

பதில்: அப்பா இருக்கட்டும், முதலில் கணக்கைப் பார்ப்போம். மொழித் தேர்ச்சிக்கு ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகள். ஒன்றும் தெரியாதவர் அதில் நான்காவதான பி2 நிலையை எட்ட, 45 நிமிட வகுப்புகள் 600 முதல் 800 வரை வேண்டும் என்கிறது, ஜெர்மன் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கதே நிறுவனம். அதாவது 450 முதல் 600 மணி நேரம். ஆறு மாதத்தில் முடிக்க, ஞாயிறு, தீபாவளி, செமஸ்டர் தேர்வு என்று எதையும் பாராமல் நாள்தோறும் குறைந்தது இரண்டரை மணி நேரம் வகுப்பில் உட்கார வேண்டும். வீட்டுப்பாடம் தனி. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகி வெகு விரைவில் தமிழ் கற்றார் என்பது உண்மைதான். ஆனால் அவருக்குத் தெர்மோடைனமிக்ஸ் தேர்வு இல்லையே!

உங்களுக்கு இருக்கிறது. அதில் வெறுமனே தேறினாலும் போதாது. நம் மதிப்பெண்ணை ஜெர்மானியப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் 'பவேரிய வாய்பாடு' கொண்டு தங்கள் அளவைக்கு மாற்றிக்கொள்கின்றன. அங்கே 1.0தான் உச்சம், 4.0 என்றால் தட்டுத்தடுமாறித் தேறியவர். பத்துக்கு 5 எடுத்தால் பாஸ் என்ற கல்லூரியில் உங்கள் சி.ஜி.பி.ஏ. 8 என்றால் அது 2.2 ஆகும், 7 என்றால் 2.8. இதில் 2.5 அல்லது அதைவிட நல்ல (அதாவது சிறிய) எண் கேட்கும் படிப்புகள் நிறைய. ஜெர்மன் பேசிக்கொண்டு அரியர் வைத்திருப்பவரைவிட, அது தெரியாமல் 8 வைத்திருப்பவருக்கே இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆங்கில வழி எம்.எஸ். படிப்புகள் அங்கே ஏராளம். உங்கள் அப்பாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது.

பிறகு ஜெர்மன் எதற்கு என்பீர்கள். வகுப்பறைக்கு வெளியே பிழைப்பதற்கு. வாடகை ஒப்பந்தம், நகராட்சிக் கடிதம், காப்பீட்டுத் தாள் எல்லாம் ஜெர்மனில்தான் வரும். மெக்கானிக்கல்காரர்களை வேலைக்கு எடுக்கும் நடுத்தரத் தொழிற்சாலைகள் பல சிற்றூர்களில் இருக்கின்றன. அங்கே பணிமனையில் நிற்பவர் உங்களுக்காக ஆங்கிலம் பேசமாட்டார். பட்டம் கையில் இருந்தும் நேர்காணலில் பலர் சறுக்குவது இங்கேதான்.

ஆகவே படியுங்கள், ஆறு மாதத்தில் அல்ல, மிச்சமிருக்கும் மூன்று ஆண்டில். அதே 600 மணி நேரம் அப்போது நாளுக்கு அரை மணிக்குச் சற்று மேல்தான். இந்த ஆண்டு ஏ1, ஏ2, அடுத்த ஆண்டு பி1, கடைசியில் பி2. கதே நிறுவனத்தின் பி1, பி2 தேர்வுகளில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 வேண்டும். தவறிய பகுதியை மட்டும் மறுபடி எழுதலாம். துணை வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போவது ஆங்கிலேயரைத் திணறடிக்கும். நமக்கு அது பழகிய வழக்கம். மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், புத்தகம் இரண்டுமில்லை என்பதற்கு மட்டும் காரணம் கேட்காதீர்கள். நெட்டுருப் போடுங்கள், அதற்குத்தான் அந்தத் தினசரி அரை மணி.

எனக்குக் கோபம் அந்த முன்பணத்தின் மேல்தான். தேர்வு நடத்துவதும் சான்றிதழ் தருவதும் அந்த மையம் அல்ல. வேறொருவர் போடப்போகும் மதிப்பெண்ணுக்கு இவர்கள் எப்படி உத்தரவாதம் தருகிறார்கள்? தேறாவிட்டால் முழுத் தொகையும் திருப்பித் தருவோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். மழுப்பினால் கட்டிய பணத்தைக் கேட்டு வாங்குங்கள். பக்கத்தில் கோவையிலேயே கதே மையம் இருக்கிறது; அடுத்த ஏ1 வகுப்பு எப்போது என்று அங்கே விசாரியுங்கள். போகும்போது அப்பாவையும் அழைத்துப் போங்கள்.