விசாவில் 10 வருஷம், தங்குவது எத்தனை நாள்?

கேள்வி: எங்க அய்யனும் அம்மாவும் டூரிஸ்ட் விசாவில் அமெரிக்காவில், டல்லாஸில் அக்கா வீட்டில் இருக்காங்க. பிரசவம் முடிஞ்சும் ரெண்டு மாசம் இருக்கணும்ங்கிறாங்க. விசா 10 வருஷத்துக்கு இருக்குதே, இருக்கலாமுங்களா?
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: விசாவை நம்பி இருக்கக்கூடாதுங்க. அது உள்ளே நுழையத்தான். தங்கும் கெடு, நுழையும்போது போடும் ஐ-94 என்ற வருகைப் பதிவில் இருக்கும். பெரும்பாலும் 6 மாதம். அதற்கு மேல் தங்க, அந்தத் தேதிக்குள் ஐ-539 என்ற கால நீட்டிப்பு விண்ணப்பம் போய்ச் சேரவேண்டும். 45 நாள் முன்பே அனுப்பச் சொல்கிறது குடியேற்றத் துறை. 2024 ஏப்ரல் முதல் கட்டணம் ஆன்லைனில் 420 டாலர், தாளில் 470. அய்யன் பேரில் விண்ணப்பித்து, அம்மாவை ஐ-539ஏ என்ற இணைப்புப் படிவத்தில் சேர்த்தால் தனிக் கட்டணமில்லை.

பலர் சறுக்குவது காரணக் கடிதத்தில்தான். 'பேரனைப் பார்த்துக்கொள்ள' என்று எழுதினால் அதை வேலையாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. பிரசவத் தேதியையும் ஊர் திரும்பும் தேதியையும் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். டாக்டர் கடிதம், அக்காவின் வங்கிக் கணக்கு விவரம், திரும்பும் டிக்கெட், ஊரில் தோட்டம் இருந்தால் பட்டா நகல், இவற்றையும் சேர்த்து வைக்கணும். பட்டாவைத் தமிழிலேயே வைத்தால் செல்லாது. முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் வேண்டும்.

விண்ணப்பிக்காமல் கெடுவைத் தாண்டினால் ஒரே நாளானாலும் அந்த விசா செல்லாததாகிவிடும். கெடு தாண்டி 180 நாளுக்கு மேல் இருந்துவிட்டு வெளியேறினால், திரும்ப நுழையக் குறைந்தது 3 வருஷம் தடை. விண்ணப்பத்துக்கு மறுப்பு வந்தால் உடனே கிளம்பிவிடணும். விண்ணப்ப ரசீதைப் பாஸ்போர்ட்டோடு வைத்திருக்கட்டும். அடுத்த பயணத்தில் கேட்கக்கூடும்.