மூன்றாம் லெவல் பார்ட்டிக்குள் ஒரு சைக்கிக்: எதைச் சேர்க்கலாம், எதைத் தொடவே கூடாது

கேள்வி: 1981 பேசிக், எக்ஸ்பர்ட் விதிகளை வைத்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டைஸ் உருட்டி ஆடும் பாத்திரக் கதை விளையாட்டு) நடத்துகிறேன். ஐந்து பேர், எல்லாரும் மூன்றாம் லெவல். மேஜிக் யூசர் (மந்திரவாதி) ஆடும் நண்பர், அதை விட்டுவிட்டு மனோசக்தி உள்ள பாத்திரம், அதாவது சைக்கிக், வேண்டும் என்கிறார். பழைய ‘அட்வான்ஸ்டு’ பதிப்பின் புத்தகத்தில் உள்ள சயோனிக்ஸ் (மனோசக்தி) பகுதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? அல்லது இணையத்தில் விற்கும் ‘முழுமையான சயோனிக்ஸ் தொகுப்பு’ ஒன்றை வாங்கலாமா? மற்ற நால்வரும் வேடிக்கை பார்க்கும்படி ஆகிவிடுமோ என்பதுதான் என் பயம்.

பதில்: எடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். உங்களுக்குத் தேவையானது ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். ஆனால் உங்கள் பயம் நியாயமானது. அந்தப் பழைய பகுதி எதனால் ஆட்டத்தைக் கெடுக்கிறது என்று தெரிந்தால், அதே குழியில் விழாமல் தப்பலாம்.

சயோனிக்ஸ் முதலில் 1976-ல் ஒரு துணைப் புத்தகத்தில் வந்தது. பிறகு 1978 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் பின்னிணைப்பாக உட்கார்ந்துகொண்டது. அங்கே அது ஒரு கிளாஸே (பாத்திர வகையே) இல்லை, லாட்டரி. பாத்திரத்தின் இன்டெலிஜென்ஸ் (அறிவு), விஸ்டம் (விவேகம்), கரிஸ்மா (வசீகரம்) புள்ளிகள் மூன்றில் ஏதாவது ஒன்று 16 அல்லது அதற்கு மேல் இருந்தால் 1 சதவீத வாய்ப்பு. 16-க்கு மேல் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் இன்டெலிஜென்ஸுக்கு 2.5, விஸ்டமுக்கு 1.5, கரிஸ்மாவுக்கு 0.5 சதவீதம் கூடும். மூன்றிலும் 18 வைத்திருப்பவருக்கே மொத்தம் 10 சதவீதம்தான். டைஸ் சாதகமாக விழுந்தவருக்கு எந்த விலையும் இல்லாமல் சக்தி கிடைக்கும். ஏற்கெனவே நல்ல புள்ளிகளோடு பிறந்த பாத்திரத்துக்கு மேலும் ஒரு பரிசு. பொறாமையை விதைக்க இதைவிட நல்ல வழி யாருக்கும் தோன்றியிருக்காது. உங்கள் ஆட்டத்தில் மற்ற நால்வருக்கும் ‘நீயும் ஒரு முறை உருட்டிப் பார்’ என்ற சலுகையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

சண்டை அதைவிட மோசம். தாக்க ஐந்து வழி, தடுக்க ஐந்து வழி, எது எதை எவ்வளவு பாதிக்கும் என்று பார்க்கத் தனி அட்டவணை. அந்தப் பதிப்பில் ஒரு ரவுண்டு என்பது ஒரு நிமிடம். அதற்குள் பத்து செக்மென்ட். வாள் வீசுபவர் ஒரு முறை வீசி முடிப்பதற்குள், மனச்சண்டை செக்மென்ட்டுக்குச் செக்மென்ட் நடந்து முடிந்துவிடும். இரண்டு பேர் அட்டவணை பார்த்துப் புள்ளி கழித்துக்கொண்டிருக்க, மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். 1991-ல் இதைத் தனி கிளாஸாக மாற்றினார்கள், சரி. ஆனால் புள்ளிக் கணக்கு ஒழியவில்லை. அடுத்து வந்த சில பதிப்புகளிலும் இதே நோய்க்குப் புது மருந்து என்று புதுப் புத்தகம் விற்றார்கள். புள்ளிகளை வைத்துக் கணக்குப் போடும் எந்த முறையும் உங்கள் மேசைக்கு வேண்டாம்.

இனி செய்ய வேண்டியது. மேஜிக் யூசர் கிளாஸை எடுத்து, ஸ்பெல்களை (மந்திரங்களை) மட்டும் கழற்றிவிடுங்கள். ஹிட் டைஸ் (உயிர்ப்புள்ளிக்கு உருட்டும் டைஸ்) நான்கு பக்கம், கவசம் கிடையாது, ஆயுதம் குறுவாள், சேவிங் த்ரோ (ஆபத்திலிருந்து தப்ப உருட்டுவது) எல்லாம் அப்படியே. எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) அட்டவணையும் அதுவே: இரண்டாம் லெவலுக்கு 2,500, மூன்றாவதுக்கு 5,000. அட்டவணை ஒன்றே என்பதால் நண்பர் தம் எக்ஸ்பியோடு நேராக மூன்றாம் லெவல் சைக்கிக் ஆகிவிடலாம். ஸ்பெல் புத்தகம் போய்விட வேண்டும். ‘படித்தது மறந்தா போகும், ஒரு ஸ்லீப் (தூங்கவைக்கும் ஸ்பெல்) மட்டும் இருக்கட்டும்’ என்று பேரம் பேசுவார்; இளகாதீர்கள். மனிதர் மட்டும் சைக்கிக் ஆகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பேச்சு அதோடு முடியும்.

முதல் லெவலில் இரண்டு சக்தி, பிறகு 3, 5, 7, 9 ஆம் லெவல்களில் ஒவ்வொன்று. எனவே உங்கள் நண்பருக்கு இப்போது மூன்று. கீழே உள்ள ஆறில் அவரே தேர்ந்தெடுக்கட்டும்.

எண்ணம் கேட்டல்: 30 அடிக்குள் ஒருவர், ஒரு டர்ன் (பத்து நிமிடம்) நேரம். மௌனப் பேச்சு: கண்ணில் படும் தோழரோடு ஒரு டர்ன் வாயசைக்காமல் பேசலாம். பொருள் நகர்த்தல்: 60 அடிக்குள் 50 நாணய எடை வரை, உயிருள்ள எதுவும் தொட்டுக்கொண்டிருக்கும் பொருளை நகர்த்த முடியாது. இந்தக் கடைசி வரியை விட்டுவிட்டால், எதிரியின் இடுப்புக் கத்தி எதிரியின் கழுத்துக்கே போகும். பொருளின் நினைவு: ஒரு டர்ன் கையில் வைத்திருந்தால், கடைசியாக வைத்திருந்தவரின் வலுவான உணர்ச்சி ஒன்று காட்சியாகத் தெரியும், ஒரு பொருளுக்கு ஒரே முறைதான். மனக்கவசம்: தொட்ட தோழருக்கு மயக்கம், அச்சம் போன்றவற்றுக்கு எதிரான சேவிங் த்ரோவில் ஆறு டர்னுக்கு +2. அச்சமூட்டல்: சைக்கிக் லெவலைப்போல் இரண்டு மடங்கு ஹிட் டைஸ் வரையிலான எதிரிக் கூட்டம் உடனே மொரேல் (துணிவு) சோதனைக்கு ஆளாகும்; இரண்டு டைஸின் கூட்டுத்தொகை மொரேல் எண்ணைத் தாண்டினால் ஓடும்.

அச்சமூட்டலின் அழகு என்னவென்றால், விதிவிலக்கு எதையும் நீங்கள் எழுத வேண்டியதில்லை. எலும்புக்கூட்டுக்கும் ஸோம்பிக்கும் மொரேல் 12. இரண்டு டைஸில் 12-ஐத் தாண்ட முடியாது, ஆகவே மனமில்லாதவை தாமாகவே தப்பித்துவிடும். மொரேல் 7 உள்ள கோப்ளின் ஓடுவதற்கு 42 சதவீதம், 8 உள்ள ஓர்க்குக்கு 28. ஸ்லீப் ஸ்பெல்லோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. அதுதான் வேண்டும்.

பட்டியலில் எவை இல்லை என்பதையும் கவனியுங்கள். காயம் ஆற்றுவது கிளெரிக்கின் (பூசாரியின்) வேலை. இந்த விதிகளில் முதல் லெவல் கிளெரிக்குக்கு ஒரு ஸ்பெல்கூடக் கிடையாது, அவர் வயிற்றில் அடிக்காதீர்கள். பூட்டுத் திறப்பது தீஃபின் (திருடனின்) வேலை. பூட்டின் உட்பகுதி கண்ணுக்குத் தெரியாததால் பொருள் நகர்த்தல் அங்கே செல்லாது. கதவுக்கு வெளியே தெரியும் தாழ்ப்பாளை இழுக்கலாம், அவ்வளவே.

சக்திக்கு விலை என்ன? ஒவ்வொரு முறை பயன்படுத்தியதும் ஆறு பக்க டைஸ் ஒன்றை உருட்டச் சொல்லுங்கள். 1 முதல் 3 ஆம் லெவல் வரை, அன்றைய முதல் முறை 2 அல்லது அதற்குக் கீழ் விழுந்தால் சோர்வு. இரண்டாம் முறை 3, மூன்றாம் முறை 4 என எல்லை ஏறும். 4 முதல் 6 ஆம் லெவலில் எல்லை 1-இல் தொடங்கும். 7 ஆம் லெவல் முதல், முதல் முறைக்கு ஆபத்து இல்லை. இந்த மூன்று நிலைகளிலும் சராசரியாக ஒரு நாளைக்கு முறையே 2.1, 2.8, 3.8 முறை கிடைக்கும். மூன்றாம் லெவல் மேஜிக் யூசருக்கு மூன்று ஸ்பெல் உண்டு. ஆனால் அவருக்குக் கணக்கு முன்கூட்டியே தெரியும், சைக்கிக்குக்குத் தெரியாது.

சோர்வு வந்தாலும் அந்த முறை சக்தி பலித்துவிடும். பிறகு ஒரு டர்ன் அவரால் சண்டை போட முடியாது, பாதி வேகத்தில்தான் நடக்கலாம், இரவு தூங்கி எழும்வரை வேறு சக்தி கிடையாது. அதோடு உடனடியாக ஒரு வாண்டரிங் மான்ஸ்டர் சோதனை, அதாவது சுற்றித்திரியும் அரக்கன் ஏதாவது வந்து சேர்கிறதா என்று உருட்டிப் பார்ப்பது. சக்தி பயன்படுத்தினால் எதையோ இழுத்துவரும் என்பது பழைய விதிகளில் இருந்த உருப்படியான யோசனை; வைத்துக்கொள்ளத் தகுந்தது. சோர்வுக்கு ஹிட் பாயிண்ட் கழிக்காதீர்கள். நான்கு பக்க ஹிட் டைஸ் வைத்திருப்பவர் தன் சக்தியாலேயே செத்துப்போவார்.

எண்ணம் கேட்டலைத் தனியாகச் சொல்ல வேண்டும். மர்மக் கதைகள் நாசமாவது இங்கேதான். அந்த ஆள் அந்த நேரத்தில் நினைப்பது மட்டுமே கேட்கும். ‘கொலையாளி யார்’ என்று மனதைத் துழாவ முடியாது. தோழர்கள் பேச்சுக் கொடுத்து அவரை அந்த நினைப்புக்குக் கொண்டுவர வேண்டும், அப்போது மற்ற நால்வருக்கும் வேலை கிடைக்கிறது. அந்த ஆள் ஸ்பெல்லுக்கு எதிரான சேவிங் த்ரோவில் வென்றால் எதுவும் கேட்காது. யாரோ உள்ளே எட்டிப் பார்த்தார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும்.

அடுத்து உங்கள் நண்பர் கண்டிப்பாகக் கேட்கப்போவது: ‘இது மந்திரம் இல்லையே, மனம்தானே? டிஸ்பெல் மேஜிக் எப்படிச் செல்லும்?’ செல்லும், மந்திரத்தை முறிக்கும் அந்த ஸ்பெல் இதையும் முறிக்கும். மந்திரத்தைக் கண்டறியும் டிடெக்ட் மேஜிக்கிலும் தெரியும். இதைத் தனி வகை என்று ஒப்புக்கொண்ட நொடியே, உலகில் யாராலும் தடுக்க முடியாத ஒருவரை உருவாக்கிவிட்டீர்கள்.

ஒரே ஒரு வேறுபாட்டை மட்டும் அனுமதியுங்கள்: சைக்கிக்குக்கு வாயும் கையும் தேவையில்லை, கண் வேண்டும். கிளெரிக்கின் சைலன்ஸ் (ஒலியடக்கும்) ஸ்பெல்லுக்குள் மேஜிக் யூசர் ஊமையாகிவிடுவார். சைக்கிக் வேலை செய்யலாம். கையைக் கட்டி வாயில் துணி திணித்தாலும் வேலை செய்யலாம். கண்ணைக் கட்டினால் முடிந்தது. இருட்டில் முடியாது, டார்ச் அணைந்தால் முடியாது, கண்ணுக்குத் தெரியாத எதிரி மேல் முடியாது, மூடிய கதவுக்கு அப்பால் முடியாது. கண்ணாடியில் பார்த்தால்? முடியாது என்றே சொல்லுங்கள். ஒரு கண்ணாடியை அனுமதித்தால் அடுத்த ஆட்டத்துக்குள் குச்சி நுனியில் கட்டிய கண்ணாடியோடு வருவார். தொட்டுச் செய்யும் இரண்டுக்கு மட்டும், பொருளின் நினைவுக்கும் மனக்கவசத்துக்கும், கண் வேண்டாம், தொடுதல் போதும். சிறைப்பட்டால்? சாதாரணக் கொள்ளையருக்குக் கண்ணைக் கட்ட வேண்டும் என்று தெரியாது; எனவே முதல் முறை சாவியை வரவழைத்துத் தப்பிக்கட்டும், அது அவர் உரிமை. ஆனால் சாவி காவலாளியின் இடுப்பில் இருந்தால் வராது, சுவர் ஆணியில் தொங்கினால் வரும். தப்பிய செய்தி பரவிய பிறகு பிடிப்பவர்கள் தலையில் சாக்கு போடுவார்கள். இதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் சதி போலத் தெரியும்.

மைண்ட் ஃபிளேயர் போன்ற மூளை தின்னிகளை இறக்க இது எதுவும் தேவையில்லை. அதன் மனத்தாக்குதலை ஒரு கூம்பு, ஒரு சேவிங் த்ரோ, தோற்றால் சில ரவுண்டு செயலிழப்பு என்று ஓட்டினால் போதும்.

விற்பனைத் தொகுப்புகள் பற்றி. ‘பழைய விதிகளோடு இணக்கமானது’ என்று அட்டையில் போட யாரும் யாரையும் கேட்பதில்லை. சில, 2004-க்குப் பிறகு திறந்த உரிமத்தில் (யாரும் எடுத்தாளலாம் என்ற அனுமதியில்) கிடைத்த மூன்றரைப் (3.5) பதிப்பு சயோனிக்ஸை வெட்டி ஒட்டியவை. அந்த உரிமம் மைண்ட் ஃபிளேயர் என்ற பெயரை வெளியே விட்டதில்லை என்பதால், அதே ஜந்துவுக்கு வேறு பெயர் சூட்டி ‘புத்தம் புதிய அரக்கன்’ என்பார்கள். பழைய புத்தகத்தின் ஸ்கேனைத் தம் தொகுப்பு என்று விற்பவர்களும் உண்டு. இலவச முன்னோட்டப் பக்கத்தில் ஒரு சக்தியின் விவரத்தைப் பாருங்கள். நேரம் டர்னிலும் ரவுண்டிலும் இருக்க வேண்டும். சேவிங் த்ரோ பழைய ஐந்து பிரிவுகளில் எது என்று சொல்ல வேண்டும். கிளாஸுக்கு எக்ஸ்பி அட்டவணை இருக்க வேண்டும். ‘வில் சேவ்’, ‘பவர் பாயிண்ட்’ என்ற பிற்காலப் பதிப்புச் சொற்கள் கண்ணில் பட்டால் மூடிவிடுங்கள். முன்னோட்டமே இல்லை என்றால் காரணம் இருக்கிறது. ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டீர்கள் என்றால், அரக்கர் பட்டியலை மட்டும் கிழித்தெடுத்து, ஹிட் டைஸையும் மொரேலையும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று ஆட்டம் வரை எண்களை மாற்றும் உரிமை உங்களுக்கு உண்டு என்று ஐந்து பேர் முன்னிலையிலும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். மாற்ற நேர்ந்தால் சோர்வு எல்லையை மாற்றுங்கள். சக்திகளின் அளவைத் தொடாதீர்கள்.